காகிதப் பாவை செய்த கலைஞர்: லோத்தர் மெக்கன்டார்பர்

கொல்லிமலையின் பெயரைக் கேட்ட அளவிலே தமிழ் கற்றார் உள்ளத்தில் எழுவன வல்வில் ஓரியின் வில்லாண்மையும், அம்மலையின் குடபால் நின்ற பாவையின் எழிலுமாம். பூதம் அமைத்த அப்பாவை காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கியும் தன் நல்லுருக் கெடாது நின்றதெனச் சங்கச் சான்றோர் பாடினர். பிற்காலத்தாரோ, அஃது ஆளைக் கண்டால் அசைந்து நகைத்து உயிர் கவரும் பொறிப்பாவை என்று கதையை வளர்த்தனர். கல்லாற் செய்த பாவையாயினும் அஃது அசைதல் வேண்டும் என்னும் ஆசை மக்கள் நெஞ்சில் எத்துணைப் பழைமையானது என்பதற்கு அக்கதையே சான்று. அவ்வாசையைக் காகிதத்தையும் கம்பியையும் கொண்டு, அதுவும் சிறு குழந்தைகளின் பொருட்டு, நிறைவேற்றிய ஒருவரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் கொல்லிமலையைக் கண்டவர் அல்லர். அவரைத் தேடிக் கற்கும் எண்ணம் எமக்கு உண்டானது அம்மலையிலே என்பதொன்றே அவருக்கும் அதற்கும் உள்ள தொடர்பு.

சென்ற கோடை விடுமுறையில் யாம் எண்மர், எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மலைமேல் ஏறி, பைல் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு வாரம் தங்கினோம். பகலில் அவ்வூர்ச் சிறுவர்க்குக் கதை சொல்லுதலும் படம் காட்டுதலும் எம் வேலை. கொண்டு சென்ற புத்தகப் பெட்டியில் விலை உயர்ந்த அசையும் சித்திரப் புத்தகம் ஒன்றும் இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் நீண்டிருக்கும் காகித நாக்கைப் பற்றி இழுத்தால், படத்திலுள்ள கரடி இரு கைகளையும் உயர்த்தி மத்தளம் கொட்டும். குழந்தைகளின் கையில் அதனைக் கொடுப்பதில்லை என்று உறுதி கூறியே அதனை இரவல் பெற்றிருந்தோம். இரண்டு நாள் அவ்வுறுதியைக் காத்தோம். நாம் இழுத்தோம், குழந்தைகள் கைகட்டி அமர்ந்து பார்த்தனர். ஆனால் அவர்கள் பார்த்தது கரடியை அன்று, எம் விரல்களையே. மூன்றாம் நாள் எம்முள் ஒருவர் மனம் பொறாது அப்புத்தகத்தை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் மடியில் வைத்துவிட்டார். அவள் இழுத்தாள், கரடி கொட்டியது, மீண்டும் இழுத்தாள், நாக்கு கிழிந்து அவள் கையோடு வந்துவிட்டது. அவள் அழவில்லை. ஓடித் தன் பாட்டியின் பின்னே ஒளிந்துகொண்டாள். மறுநாளும் அவள் எம்மிடம் வரவில்லை. புத்தகம் கெட்டதைவிட அதுவே எம்மை வருத்திற்று.

அம்மூதாட்டியார் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். கத்தி முனையால் பக்கத்தின் ஓரத்தை மெல்லப் பிளந்தார். மூங்கிலில் மெல்லிய சிம்பொன்றைச் சீவி, கிழிந்த நாக்கிற்கு முட்டுக் கொடுத்துச் சோற்றுப் பசையால் ஒட்டினார். அவர் பிளந்து வைத்திருந்த அச்சிறு பொழுதிலே, இரு தாள்களுக்கு இடையில் மறைந்திருந்த நெம்புகோல்களையும் மூட்டுகளையும் யாம் முதன்முறையாகக் கண்டோம். இவ்வேலையை முதலில் எண்ணியவர் யாவர் என்று மலையினின்று இறங்கிய பின் தேடினோம். பலருடைய பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் எல்லாரினும் உயர்ந்து நின்ற பெயர் லோத்தர் மெக்கன்டார்பர் என்பது.

இவர் 1847-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், ஜெர்மனி தேசத்து பவேரியா நாட்டின் தலைநகராகிய மியூனிக்கிற் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் சித்திரத்திற்கும் அச்சிற்கும் பேர்பெற்றது. 1796-ஐ ஒட்டி அலோய்ஸ் செனபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டறிந்ததும் அந்நகரிலேயே. சுண்ணக் கல்லின்மீது மெழுகு மையால் வரைந்து, வரைந்தபடியே தாளிற் பதிக்கும் அம்முறை, நம் சென்னையில் எத்தனையோ பழந்தமிழ்ப் புத்தகங்களுக்கும் சுவர்ப்படங்களுக்கும் உதவிற்றென்பதை முதியோர் அறிவர். மியூனிக்கிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பொம்மலாட்டத்திற்கென்றே 1858-இல் அங்கு ஒரு நிலையான அரங்கு எழுந்தது. போச்சி பிரபு என்பார் அதற்கு நாடகங்கள் எழுதினார். அவ்வரங்கு திறந்தபோது நம் சித்திரக்காரருக்கு வயது பதினொன்று. கயிற்றை இழுக்கப் பாவை கூத்தாடும் ஊரிலே வளர்ந்த ஒருவர், பின்னாளில் காகிதத்தை இழுக்கப் படம் கூத்தாடும்படி செய்தமை வியப்பன்று.

மியூனிக் ஓவியக் கலைக்கழகத்திற் பயின்ற பின், இவர் அந்நகரத்து நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து வாழ்க்கை நடத்தலானார். பறக்கும் தாள்கள் என்று பொருள்படும் பெயர் பூண்ட வார இதழ் ஒன்று அக்காலத்தில் ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளெங்கும் புகழோடு விளங்கிற்று. இரு குறும்புச் சிறுவர்களின் கதையை 1865-இல் வெளியிட்ட வில்ஹெல்ம் புஷ் போன்ற பெருங் கலைஞர்களும் அதில் வரைந்தனர். மெக்கன்டார்பர் அவ்வரிசையில் இளையவராய்ச் சேர்ந்தார். சொல்லின்றியே ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்த சில படங்களால் விளக்கும் திறம் அவர்க்கு அங்கே கைவந்தது. ஒரு மனிதன் வழுக்கி விழுகின்றான் என்றால், வழுக்குவதற்கு முன் ஒரு படமும், வழுக்கும்போது ஒன்றும், விழுந்த பின் ஒன்றும் வரைதல் வேண்டும். இம்மூன்றையும் ஒரே படத்துள் அடக்கினால் எப்படியிருக்கும் என்னும் எண்ணத்திற்கு அப்பயிற்சியே வித்து எனக் கருதுகின்றோம்.

1878-ஐ ஒட்டிக் கிறிஸ்து பிறந்த திருநாள் பரிசாகத் தம் மகன் அடால்பிற்கு இவர் தம் கையாலேயே ஓர் அசையும் படப் புத்தகம் செய்து கொடுத்தார் என்றும், அதனைக் கண்ட பதிப்பாளர் அதனை அச்சிட விரும்பினர் என்றும் கூறுவர். அதுவே உயிருள்ள சித்திரங்கள் என்னும் பெயரோடு வெளிவந்த முதல் நூல். அப்போது ஆசிரியர்க்கு வயது முப்பத்தொன்று. விற்பனைக்கென்று எண்ணிச் செய்யாது, ஒரு வீட்டுக் குழந்தையின் கைக்கென்று செய்த பொருள் என்பது அந்நூலிற்கு ஒரு தனி நன்மையைத் தந்தது என்பது எம் கருத்து. தந்தைக்குத் தன் மகனுடைய விரலின் வலிமையும் தெரியும். பொறுமையின் அளவும் தெரியும்.

அசையும் உறுப்புடைய புத்தகத்தை இவரே முதன்முதற் கண்டார் என்று சொல்லுதல் தவறாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ரமோன் லுல் என்னும் ஸ்பானிய ஞானி, தம் தத்துவத்தை விளக்கச் சுழலும் காகித வட்டங்களை ஏட்டில் அமைத்தார். 1540-இல் பீட்டர் அப்பியன் என்னும் வானநூலார் கோள்களின் நிலையைக் காட்டும் சுழல் வட்டங்களோடு பெருநூல் ஒன்று வெளியிட்டார். உடற்கூற்று நூல்களில், மேல் மடிப்பைத் தூக்கினால் உள்ளுறுப்புத் தோன்றும்படி செய்தாரும் உளர். இவையெல்லாம் கற்றோர்க்குரியன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் நகரத்து ராபர்ட் சேயர் மடிப்புப் படங்களைக் குழந்தைகளுக்கென விற்கத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரத்து டீன் கம்பெனியார் இழுக்கும் நாக்குடைய படப் புத்தகங்களைப் பெருவாரியாக வெளியிட்டனர். ஆயினும் அவற்றில் ஒரு நாக்கை இழுத்தால் பெரும்பாலும் ஓர் உறுப்பே அசையும்: கை ஒரு முறை உயரும், தாழும்; அவ்வளவே.

மெக்கன்டார்பரின் பெருமை இங்கேதான் தொடங்குகின்றது. ஒரு தையற்காரர் படம் என்று வைத்துக்கொள்வோம். நாக்கைச் சிறிது இழுத்த அளவில் அவர் ஊசிக் கையை உயர்த்துவார். அவர் கண்ணும் ஊசியோடு மேலே செல்லும். இன்னும் சிறிது இழுத்தால் அவர் கால் ஆடும். முற்றும் இழுத்தபோது, அதுவரை அசையாது மூலையிற் கிடந்த பூனை தலையைத் தூக்கும். ஒரே இழுப்பிற் பல அசைவுகள். அவையும் ஒருசேர நிகழாது ஒன்றன்பின் ஒன்றாய், கதைபோல் நிகழ்வன. இதனை அவர் செய்த முறை பின்வருமாறு: பக்கம் ஒற்றைத் தாளன்று, இரு தாள்களை ஓரம் ஒட்டி நடுவே இடம் விட்டது. அவ்விடத்தில் மெல்லிய அட்டை நெம்புகோல்கள் பல கிடக்கும். மெல்லிய செப்புக் கம்பியைச் சுருட்டிச் செய்த மிகச் சிறிய ஆணிகள் அவற்றுக்கு மூட்டுகளாக அமையும். சில படங்களில் இத்தகைய ஆணிகள் பன்னிரண்டிற்கும் மேற்படும். கம்பிச் சுருள் இறுகவும் கூடாது, நெகிழவும் கூடாது. இறுகினால் காகிதம் கிழியும், நெகிழ்ந்தால் கை தொங்கும். முன்பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது.

இதனை எழுதுங்கால் கொல்லிமலையிற் பிறந்த வேறொருவர் எம் நினைவிற்கு வருகின்றார். மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் அம்மலையில், ஊழியம் செய்து வாழ்ந்த ஜெஸ்ஸி பிராண்டிற்கும் எவிலின் அம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார். அன்னை ஓவியம் வல்லவர். தந்தையார் 1929-இல் மலைக்காய்ச்சலுக்கு இரையானார். மகனோ பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவை முறையைக் கண்டு உலகப் புகழ் பெற்று, 2003-இல் மறைந்தார். நம் விரல்களை அசைக்கும் தசைகளிற் பெரும்பாலன முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் விரல்களை இழுக்கின்றன. செயலிழந்த தசைக்கு ஈடாக, நல்ல நிலையிலுள்ள வேறொரு தசையின் நாணைத் திருப்பி விரலோடு இணைத்தலே அவ்வறுவையின் சாரம். மறைவில் ஓரிடத்தில் இழுக்க, வெளியே வேறோரிடம் அசைகின்றது. மருத்துவர்க்கும் சித்திரக்காரர்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. எனினும் இருவரும் கையினுடைய மறைபொருளை ஆராய்ந்தவர்கள் என்று சொல்லத் துணிகின்றோம்.

நிற்க. 1880-ஐ அடுத்த பத்தாண்டுகளில் மெக்கன்டார்பர் எஸ்லிங்கன் நகரத்துச் ஷ்ரைபர் பதிப்பகத்தாரோடு சேர்ந்து தம் சிறந்த நூல்களை வெளியிட்டார். அவற்றுள் 1887-இல் வந்த பன்னாட்டுச் சர்க்கஸ் தலையாயது. இதில் இழுக்கும் நாக்குகள் இல்லை. இது வேறு வகை. விசிறி மடிப்பாய் அமைந்த ஆறு காட்சிகளையும் விரித்து அரைவட்டமாக நிறுத்தினால், நடுவில் அமர்ந்த குழந்தை சர்க்கஸ் கூடாரத்திற்குள் இருப்பதாகவே உணரும். ஒவ்வொரு காட்சியிலும் அட்டைகள் அடுக்கடுக்காய் முன்னே எழுந்து வரும்: முன்னே குதிரைமேல் நின்று சவாரி செய்வோரும் கோமாளிகளும், அவர்க்குப் பின்னே பார்வையாளர் வரிசை வரிசையாகவும் தோன்றுவர். நானூற்றைம்பது உருவங்கட்கு மேல் இதில் உள்ளன. ஒருவர் முகம் மற்றவர் முகம்போல் இராது. கூத்தைப் பாராது பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பவரையும் வரைந்திருக்கின்றார்! நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்திலும் இத்தகையோர் இல்லையா?

அதே ஆண்டில் வந்த நகரப் பூங்கா என்னும் நூலும், அதனை அடுத்து வந்த பொம்மை வீடும் இவ்வகையினவே. இவை படித்து முடித்து மூடிவைக்கும் புத்தகங்கள் அல்ல. விரித்து நிறுத்தி, தம்மிடமுள்ள சிறு பொம்மைகளை அவற்றினுள் நடமாடவிட்டு விளையாடுவதற்குரியன. எழுத்து அறியாத குழந்தையும் இவற்றைப் படிக்கலாம். மெக்கன்டார்பருடைய நூல்கள் ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டன. சொற்கள் சிலவேயாதலின் பெயர்த்தலும் எளிதாயிற்று. 1889-இல் தம் பெயராலேயே ஒரு நகைச்சுவை இதழையும் அவர் தொடங்கினார். அவர் மறைந்த பின், 1928-இல், அவ்விதழ் அவர் இளமையில் வரைந்த பறக்கும் தாள்களோடே ஒன்றுசேர்ந்தது.

குறையையும் மறைத்தல் ஆகாது. அக்காலத்து ஐரோப்பியர் பலரைப்போலவே இவரும் அயல்நாட்டு மக்களை எள்ளலுக்குரிய உருவில் வரைந்த இடங்கள் உண்டு. அவற்றை இன்று நம் குழந்தைகளுக்குக் காட்ட நாம் ஒருப்படமாட்டோம். கை இத்துணை நுட்பமுடையதாயிருந்தும், கண் சில இடங்களில் அயலாரை நேரே பார்க்கவில்லை.

இனி, இந்நூல்கள் உருவான வகையைச் சிறிது கூறவேண்டும். அச்சுக்கல் படத்தைத் தரும். ஆனால் வெட்டுதலும், மடித்தலும், கம்பி முறுக்குதலும், ஒட்டுதலும் கைவேலையே. ஒவ்வொரு படத்தின் பின்னமைப்பையும் மெக்கன்டார்பர் தாமே வகுத்து, மாதிரி செய்து, எத்துண்டு எதனோடு சேரவேண்டும் என்று வேலையாட்களுக்குக் குறிப்பும் எழுதினார். அவ்வேலையாட்களின் பெயர் எந்த நூலின் முகப்பிலும் இல்லை. இவ்வளவு உழைப்பும் சேர்ந்தமையால் நூல்களின் விலை மிகுந்தது. வசதியுடையோர் வீட்டுக் குழந்தைகளே பெரிதும் அவற்றைப் பெற்றனர்.

அக்குழந்தைகளும் அவற்றைக் கிழித்தனர். இது நடக்கும் என்பதை ஆசிரியர் அறிந்தேயிருந்தார். ஒரு நூலின் ஆங்கிலப் பதிப்பு முகப்பிலே, இப்பாவைகள் எத்துணைத்தான் குதித்தாலும் காகிதத்தாலானவை. ஆதலின் மென்மையாகக் கையாள வேண்டும் என்ற வேண்டுகோளைச் சிறு பாட்டாகவே அமைத்துவிட்டார். வேண்டிக்கொண்டாரேயன்றி, பெரியோரே இழுத்துக் காட்டுக என்று அவர் எழுதவில்லை. பைல் நாட்டில் இரண்டு நாள் யாம் செய்தது எவ்வளவு பிழை என்பது இதனைப் படித்தபோதுதான் எமக்கு உறைத்தது. இழுக்கும் விரல் குழந்தையினுடையதாக இல்லாவிடின், அந்நூலில் ஒரு பாதி இல்லை. இன்று பழம்பொருட் சாலைகளிலும் செல்வர் பேழைகளிலும் பழுதின்றிக் கிடக்கும் படிகள், பெரும்பாலும், குழந்தைகள் கையிற் கிடையாது பூட்டி வைக்கப்பட்டனவாகவே இருத்தல் வேண்டும்.

1914-இல் மூண்ட முதல் உலகப்போர் இக்கலையை ஏறத்தாழ அழித்துவிட்டது. கூலி ஏறிற்று, நல்ல அட்டை அரிதாயிற்று, நுண்ணிய கைவேலைக்கு ஆளில்லை. கடல் கடந்து செல்லும் வாணிகமும் தடைப்பட்டது. தாம் வளர்த்த தொழில் தம் கண்முன்னே சுருங்குவதைக் கண்ட முதியவர், 1925-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், தாம் பிறந்த நகரத்திலேயே, எழுபத்தேழாம் வயதில் காலமானார்.

அதன்பின் ஏறக்குறைய ஐம்பதாண்டு, புத்தகம் சேர்ப்போரைத் தவிர மற்றையோர் அவரை நினைத்தாரில்லை. 1975-இல் அவர் கைப்பட்ட அச்சுக்கூடக் குறிப்புகளும் மாதிரிகளும் அடங்கிய தொகுதியொன்றை நியூயார்க் நகரத்துப் பழநூல் வணிகர் ஒருவர் வெளிக்கொணர்ந்தார். 1979-இல் பன்னாட்டுச் சர்க்கஸ் மறுபடியும் அச்சாயிற்று. 1985-இல் அவருடைய இழுப்புப் படங்களிற் சில ஒரு தொகுப்பாய், குழந்தைநூல் வரைஞர் மொரிஸ் செண்டக்கின் பாராட்டுரையோடு வெளிவந்தன. அசையும் புத்தகங்களைப் போற்றும் அமெரிக்கச் சங்கத்தார் 1998 முதல் சிறந்த நூலுக்கு அவர் பெயரால் பரிசு வழங்கி வருகின்றனர். வெட்டுவதற்கு இன்று பொறிகள் வந்துவிட்டன. ஆனால் ஒட்டிப் பொருத்துவது இன்னும் மனிதர் விரல்களே.

நம் நாட்டில் இவ்வாசை இல்லாமற் போகவில்லை. 1994-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தாரா புத்தக நிறுவனத்தார், கையாற் செய்த காகிதத்தில் பட்டுத்திரை அச்சால் படம் பதித்து, நூலால் தைத்த புத்தகங்களை வெளியிட்டு வருகின்றனர். மத்திய இந்தியாவின் கோண்டு ஓவியர் மூவர் வரைந்த மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய நூல் 2006-இல் வந்து, 2008-இல் இத்தாலி நாட்டுப் போலோஞாவிற் பரிசு பெற்றது. வங்கத்துப் பட ஓவியர் ஆழிப்பேரலையைப் பாடி வரைந்த படச்சுருளை, சுருள்போலவே விரியும் புத்தகமாக 2009-இல் செய்தனர். இவை இழுப்புப் படங்கள் அல்ல. ஆயினும் புத்தகம் என்பது எழுத்தைத் தாங்கும் சட்டம் மட்டுமன்று, கையிற் பிடித்து உணரும் பொருள் என்னும் கொள்கையில் மெக்கன்டார்பருக்கு இவர்கள் உறவினரே. இத்தகைய நூலொன்று கொல்லிமலையின் ஊர்கள்தோறும் ஒவ்வொன்றேனும் இருத்தல் வேண்டுமென்பது எம் அவா.

மலையினின்று திரும்பிய பின், எம்மிடம் இரவலாய் வந்த அப்புத்தகத்தை உரியவரிடம் கொண்டுசென்று, நடந்ததைச் சொல்லி, விலையை எண்மரும் பங்கிட்டுத் தருவதாகக் கூறினோம். அவர் மூங்கிற் சிம்பைத் தடவிப் பார்த்தார், இழுத்தும் பார்த்தார், பணத்தை வாங்கிக்கொண்டு, புத்தகத்தை அச்சிறுமிக்கே அனுப்பிவிடும்படி எம்மிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆவணி மாதத்தில் எம்முள் இருவர் மீண்டும் பைல் நாட்டிற்குச் சென்று கொடுத்து வந்தனர். கரடி இன்னும் மத்தளம் கொட்டுகின்றது. இடக்கை மட்டும் முன்போல் முழுதும் உயர்வதில்லையாம்.